எண் 3047

சோப்பு நுரைக்குள் விரல் நின்றுவிட்டது:
இடது விதையின் அடியில்
பச்சைப்பயறு அளவு.
வலி இல்லை.
வலித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

பாயான் லெப்பாஸில் என் வேலை
லென்ஸுக்குக் கீழே சில்லுப் பார்ப்பது.
மயிரிழைக் கீறல் என்றாலும்
சிவப்புப் புள்ளி வைத்துத் தள்ளிவிடுவேன்,
யோசிப்பதில்லை.

பதினோரு நாள்.
குளிக்கையில் ஒரு தடவை,
ஷிப்ட் முடிந்து கழிப்பறையில் ஒரு தடவை.
சில நாள் பயறு. சில நாள் மொச்சை.
நேற்று காணோம் என்று நினைத்து
கடலோரச் சாலையில் பைக்கை விரட்டினேன்,
பாடக்கூடச் செய்தேன்.
வீட்டில் தேடினால் இருந்தது.

ஜெலுத்தோங் கிளினிக் கவுண்டரில்
"என்ன சீக்கு?" என்றாள் தர்ஷாயினி,
பெயரட்டை போட்டிருந்தாள்,
பின்னால் நிற்கும் அங்கிளுக்கும் கேட்கும்படி.

வயிற்றுவலி என்றேன்.

திரையில் 3031.
ராத்திரி ஃபுட்சாலுக்குக் கோல்கீப்பர் இல்லையாம்,
குகநேசன் கேட்கிறான்.
வரேன் என்று தட்டி, அழித்து,
மறுபடி தட்டி.

கதவுக்கு அந்தப் பக்கம்
முதல் சொல் என்ன சொல்வது?
மலாய்க்காரன் முட்டை என்பான்.
நமக்கு விதை.
இரண்டும் நாக்கில் ஏறவில்லை.

பக்கத்து நாற்காலியில் காய்ச்சல் குழந்தை
பாதி கடித்த பிஸ்கட்டை நீட்டுகிறது.
வாங்கித் தின்றுவிட்டேன்.

3046.