ஜீரோ கேட் வரிசையில்

மெல்வின் கழுத்தில் கருப்பு ஏறியதை
அழுக்கு என்றுதான் நினைத்தோம்.
ஞாயிறு தோறும் பூசைக்கு முன்
ஆரோக்கியமேரி பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாள்.
தோல் சிவக்கும். அவன் கத்துவான்.
கருப்பு மட்டும் போகாது.

பத்து வயசு. அறுபத்தியொரு கிலோ.
பள்ளியில் அவனுக்கு இன்னொரு பேர் உண்டு.
அதை இங்கே எழுத மாட்டேன்.

தைராய்டாத்தான் இருக்கும் என்றார்கள்
எங்கள் பிளாக்கில் படியேறி இறங்குகிற எல்லாரும்.
எங்களுக்கும் அது தைராய்டாகவே இருந்தால் தேவலை.
ஒரு சுரப்பிமேல் பழியைப் போடலாம்.
காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.
அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்,
லோடு இறக்கிய கையோடு
நான் வாங்கிவரும் பரோட்டாவை,
மீன் ஏலம் முடிந்து அவள் வரும்வரை
அவனிடம் விட்டுப்போகிற போனை.

தண்டையார்பேட்டை லேபில் ஊசி குத்தியபோது
அவன் அழவில்லை.
"இட்லி எப்போ?" என்றான்.

ஸ்டான்லியில் டாக்டரம்மா
ரிப்போர்ட்டைப் பார்த்தார்.
பிறகு காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார்.
டி.எஸ்.எச். ஏழு. கொஞ்சம் கூடத்தான்.
ஆனால் தைராய்டு தன் வேலையைச் செய்கிறதாம்.
"இதனால எடை ஏறலைங்க.
எடை ஏறினதால இது ஏறியிருக்கு.
எடை குறைஞ்சா பெரும்பாலும் தானா இறங்கிடும்.
மாத்திரை வேணாம்."
அப்புறம், குரலைத் தாழ்த்தி,
"கழுத்துல இருக்கறது அழுக்கு இல்லம்மா.
தேய்க்காதீங்க.
உள்ள இன்சுலின் கூடியிருக்கு."

பேரிலேயே ஆரோக்கியம் வைத்திருப்பவள்
வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

எனக்கு அன்று ராத்திரிதான் புரிந்தது,
ஜீரோ கேட் வரிசையில்,
முன்னாலும் பின்னாலும் டிரெய்லர்.
சரக்கு இருக்கிறது. கேட்டும் இருக்கிறது.
திறக்க ஒரு ஆள் வருவான். திறக்காது.
இன்னும் ரெண்டு பேர் வருவார்கள், நாலு பேர்,
எல்லாரும் சேர்ந்து தள்ளினால் துளியூண்டு திறக்கும்.
அதுவரைக்கும்
சர்க்கரை ரோட்டிலேயே நிற்கும்.

பின்னால் ஒருத்தன் ஹாரனை
அமுக்கிக்கொண்டே இருந்தான்.
என் வண்டியில் ஒரு பழுதும் இல்லை.
அவன் சத்தம்தான் அந்த ஏழு.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம்.
தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாடணும் என்று
தாளில் எழுதித் தந்திருக்கிறார்.
எங்கே என்று எழுதவில்லை.
பிளாக்குக்கு முன்னால் பைக்குகள்.
ரோட்டுக்கு வந்தால் லாரி.
லாரியைத் தாண்டினால் கருங்கல், அப்புறம் கடல்.

அதனால் லீவு நாளில் நானும் அவனும்
வரிசையோரமாகவே நடக்கிறோம்,
நிற்கிற டிரெய்லர்களை எண்ணியபடி.
போன வாரம் அவன் நாற்பத்தியொன்று வரை போனான்.
நான் இருபத்தெட்டிலேயே
டயரில் கையூன்றி நின்றுவிட்டேன்.

திரும்பி வந்தான், வேர்வையோடு.
என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான்.
"குனிப்பா," என்றான்,
"உன் கழுத்தைக் காட்டு."