தடம்

ரேஸ்கோர்ஸ் மைதானம், மூன்றாவது கோர்ட்.
பத்தரைக்கே கொதிக்கிற செம்மண்.
எதிரே ஒச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கம்,
பிளஸ் டூ.
ராக்கெட் பையில் வேதியியல் நோட்டு துருத்திக்கொண்டிருந்தது.

எனக்கு முப்பத்தொன்று.
முதல் செட் இருபத்திரண்டு நிமிடம்,
அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவதில் ஐந்துக்கு இரண்டு, மேட்ச் பாயிண்ட்.
என் பந்தை அவுட் என்றார் நடுவர்.
அவன் போய்க் குனிந்து பார்த்தான்.
"கோட்டுல பட்டிருக்கு சார்."
ஷூவால் தடத்தை அழித்தான்.

பதினேழில் நானும் ஒன்றை அழித்திருக்கிறேன்,
நடுவர் நாற்காலியை விட்டு இறங்குவதற்குள்.
அந்தக் கோப்பையை
அம்மா இன்னும் துடைக்கிறாள்.

அடுத்த சர்வீஸை நான் பார்க்கவில்லை.
பின்னால் கம்பிவேலி அதிர்ந்தது.

"பரீட்சைண்ணே, நாளைக்கு."
கை குலுக்கியவன்
ஆரப்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ தேடி ஓடினான்.
என் உள்ளங்கையில்
அவன் வேர்வை, கொஞ்சம் மண்.