ஆறாம் தளம் வரை

முப்பது நொடிக்குள் உன்னைச் சொல்லிவிடு,
ஒரு லிஃப்ட் மேலே போய்ச் சேரும் நேரம் அவ்வளவுதான்
என்றார்கள் மாலைப் பயிற்சியில்.
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.
ஜெனோவாவின் குன்றுச் சரிவுகளில்
பன்னிரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவள் நான்.
அங்கே எதுவும் முப்பது நொடியில் போய்ச் சேர்ந்ததில்லை.

கம்பெனியை யாரோ வாங்கினார்கள்.
எனக்கு ஒரு கைகுலுக்கலும் ஒரு டார்ச்சும் மிச்சம்.
இப்போது சொந்தத் தொழில், மூன்றே மூன்று கட்டடங்கள்.
நாலாவதைத் தருகிறவர்
என்னைத் தெரியாத ஊரில் எங்கோ இருக்கிறார்.

அதனால் பழகினேன்.
லிஃப்ட் குழியின் அடியில் நின்று, கையில் கிரீஸ் துணியோடு,
"வணக்கம், நான் ஒர்னெல்லா பித்தலூகா."
சுவர் திருப்பிச் சொன்னது
என்னைவிடத் தெளிவாக.
தலைக்கு மேலே எதிரெடை தொங்கிக்கொண்டிருந்தது,
அபிப்பிராயம் ஏதுமின்றி.

தூரினில் மாநாடு. கட்டடம் பராமரிக்கும் நானூறு பேர்.
எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது,
அல்லது அப்படிச் சிரிக்கத் தெரிந்திருந்தது.
என் கழுத்து அட்டை
பெயரை மார்போடு அணைத்துக்கொண்டு
வெற்றுமுதுகைக் காட்டியது.
ஒலிவக் கிண்ணத்தின் பக்கத்தில் நின்றேன்.
பதினோரு கொட்டைகளை எங்கே போடுவதென்று தெரியாமல்
பைக்குள் போட்டுக்கொண்டேன்.
சொல் வந்தது, தொண்டை வரை வந்தது,
இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது.
அதற்கு அவசர மணி கிடையாது.

அறைக்கு ஓடினேன், ஹோட்டல் லிஃப்டில்.
கூட ஒருவர், சாம்பல் நிறக் கழுத்துத்துணி.
நாலாம் தளம் தாண்டும்போது
கிறீச்.
"இடதுபக்கம்" என்றேன், யாரிடம் என்றில்லாமல்.
"விழுந்துவிடுமா?"
"விழாது. இன்னும் ஆறு மாதம் முனகும்,
அப்புறம்தான் கோபம் வரும்."
அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயம் இருந்தது,
எனக்குப் பழக்கமான பயம்.
பயிற்சியில் சொல்லித்தராததைக் கேட்டேன்:
"உங்கள் தொழிலில் பழுது எப்படிச் சத்தம் போடும்?"

பளிங்குத் தரை பதிப்பவராம்.
விரலை மடக்கி லிஃப்ட் சுவரைச் சுண்டிக் காட்டினார்:
நிறைந்த ஒலி, பொள்ளல் ஒலி,
பொள்ளல் என்றால் அடியில் பசை பிடிக்கவில்லை.
ஆறாம் தளத்தில் கதவு திறந்தது, மூடியது.
இருவரும் இறங்கவில்லை.
மறுபடி கீழே போனோம், இன்னும் சுண்டிக்கொண்டே.

இரவில் அவர் அட்டையின் பின்புறம் எழுதினேன்,
இயந்திர அறைப் பதிவேட்டில் எழுதுவதைப் போல:
எவாசியோ. காசாலே ஊர். பளிங்கு.
இடது கைக்காரர்.
அடுத்த சோதனை: பதினைந்து நாளில்.

பதினைந்தாம் நாள் கடிதம்.
"தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி" என்று தொடங்கிய
நான்கு தாள்களைக் கசக்கினேன்.
ஐந்தாவதில் இரண்டே வரி:
அந்த ஹோட்டல் இன்னும் முனகுகிறதா,
உங்கள் தரைகள் நிறைந்து ஒலிக்கின்றனவா.
பதில் வந்தது. வேலை ஒன்றும் இல்லை.
அவர் ஊரில் முக்கால்வாசி வீடுகள் இரண்டு மாடிதானாம்.
ஆனால் என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்,
இரண்டு எல்லோடு.

நாலாவது கட்டடம் இன்னும் வரவில்லை.
நேற்று பொலோன்யாவில் வேறொரு மண்டபம்.
கழுத்து அட்டையைத் திருப்பிவிட்டேன்,
அது திரும்பிக்கொண்டது, மறுபடி திருப்பினேன்.
வட்டமாய் நின்று பேசுகிறவர்களுக்கு நடுவே
ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி இருக்கும்,
உற்றுப் பார்த்தால்.
போய் நின்றேன்.
என் பெயரைத் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன்,
குழியின் அடியில் இருந்து மேலே கூப்பிடுகிறவளைப் போல.
நான்கு பேர் திரும்பினார்கள்.
ஒருத்தி தன் கோப்பையை இடதுகைக்கு மாற்றினாள்.
என் நகத்தடியில் கிரீஸ்.
அப்படியே நீட்டினேன்.