காலை ஆறு மணி வரை தீவு

நேற்று இரவு வரை அது தீவுதான்.
காலையில் கூடாரத்தின் ஜிப்பை இழுத்தால்
தண்ணீர் இருந்த இடத்தில் சேறு,
மினுமினுவென்று, கரை வரைக்கும்.

குந்தா பவர் ஹவுசுக்குத் திறந்துவிட்டார்கள் என்றாள் தைனேஸ்.
பரிசலைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்,
கடையடைப்பு நாளில்
கடைப்படியில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி.
"ராத்திரியே நாமக்கோழியெல்லாம் கத்திக்கிட்டுக் கிளம்புச்சே,
கேக்கலையா?"
கேட்டது.
மழை வருகிறதென்று
திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு நாளுக்கென்று வந்து ஐந்து இரவு.
மீன்துறையின் தகரக் கொட்டகை,
மூன்று சீகை மரம்,
யாரோ விட்டுப்போன ஒற்றை ரப்பர் செருப்பு,
சிக்னல் கிடைக்கும் ஒரே பாறை.
வலமாகச் சுற்றி வரப் பதினேழு நிமிடம்.
இடமாகப் பத்தொன்பது.
ஏனென்று கண்டுபிடிப்பதற்குள் கிளம்பும் நாள்.

முதல் நாள் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்:
விமானமே கிடையாது,
நாடு முழுக்க பஸ், ரயில், தரைவழிதான் என்று.
"எங்கப்பாவும் அப்படித்தான் வந்தாரு.
தலைமன்னார்ல கப்பல், மண்டபத்துல ரயிலு,
அப்புறம் லாரி"
என்றாள், கெண்டையின் வயிற்றைக் கீறிக்கொண்டே.
அதன்பின் நான் என் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை.

கூடாரத்தை எப்படி மடித்தாலும்
வந்த உறைக்குள் அது திரும்புவதில்லை.
அழுத்தித் திணித்தேன்.
இருந்த இடத்தில் புல் வெளிறிக் கிடந்தது,
ஓர் ஆள் நீளத்துக்கு.

நூற்றைம்பது ரூபாயை நீட்டினேன்.
"நடந்து போறதுக்கு எதுக்குக் காசு?"
"பரிசலுக்கு."
"பரிசல் அங்க கெடக்கு."
நோட்டு சற்று நேரம் காற்றில் ஆடியது.
பிறகு எழுந்தாள். பாவாடையைச் செருகினாள்.
"எங்க கால் வெக்கணும்னு காட்டறேன்.
அதுக்குக் குடுங்க."

அவள் எடுத்த காலின் குழி மூடுவதற்குள்
அதிலேயே என் காலை வைத்தேன்.
முழங்கால் வரை குளிர்.
பத்துக் கிலோ பை என்னைப் பின்னால் இழுத்தது.
நடுவழியில் பாதம் கெட்டியானதை மிதித்தது:
தார்.
சேற்றுக்குள்ளிருந்து ஒரு சாலை வெளியே வந்து
இருபது அடி போய்
மறுபடி உள்ளே போனது.
ஓரத்தில் எண் அழிந்த மைல்கல்,
மேலே ஒரு நத்தை.
"இதுல பஸ் ஓடுச்சாம்" என்றாள்.
அதன்மேல் நின்று
இருவரும் மூச்சு வாங்கினோம்,
பஸ்சுக்கு நிற்பவர்களைப் போல.

கரையில் கையசைக்கவில்லை.
பணத்தை எண்ணினாள், ஜாக்கெட்டில் வைத்தாள்,
வந்த குழிகளிலேயே திரும்பிப் போனாள்.
குழிகளில் அதற்குள் தண்ணீர் ஊறியிருந்தது.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம் என்று எழுதலாம்.
உண்மையில் அன்று பனிமூட்டம்.

எமரால்டு பஸ்சில் கேரட் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன,
நாங்கள் நின்றோம்.
"காலைப் படியிலயே தட்டிட்டு ஏறுங்க" என்றார் கண்டக்டர்.
தட்டினேன். போகவில்லை.
ஊட்டியில் இரண்டு மணி ரயில்.
சேறு காய ஆரம்பித்தது லவ்டேலில்.
குன்னூரில் வெடிப்பு விட்டது.
ஹில்குரோவில் ஒரு குரங்கு வந்து
உதிர்ந்த வில்லையை எடுத்து முகர்ந்து
எறிந்துவிட்டது.
பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாக
என்னைக் கீழே இறக்கியது.
கல்லாறில் காது அடைத்தது, பாக்கு மரங்கள் தெரிந்தன,
ஸ்வெட்டர் திடீரென்று வேறு யாருடையதோ ஆனது.

மேட்டுப்பாளையத்தில் புழுக்கம்.
சென்னை ரயிலின் மேல் படுக்கை.
போனில் நான்கு சதவீதம்.
சார்ஜரைச் செருகினேன்.
சின்னப் பச்சை விளக்கு
உடனே எரிந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பதினேழு நிமிடம் இருக்கும்,
பத்தொன்பதாகவும் இருக்கலாம்.

கீழே யாரோ லைட்டை அணைக்கச் சொன்னார்கள்.
அணைத்தேன்.
வலது பெருவிரல் நகத்துக்கடியில்
இன்னும் ஈரமாக
கொஞ்சம்.