எதிர்க்கடை

நடுவர் ஐயா,
ஒலிண்டா என்ற பெயரை இணைய முகவரியாகப் பதிந்தது
நான்தான்.
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய், வருடத்துக்கு.
அன்று குன்னூரில் விடாத மழை,
கரண்ட் வந்து வந்து போனது.
மூன்றாவது தடவைதான் பணம் ஏறியது.

குர்கானில் அதே பெயரில் ஒரு கம்பெனி
பிஸ்கட் போடுவது
உங்கள் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும்.
நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
முப்பதாம் வகுப்பில் பதிவான வணிகச் சின்னமாம்.
நான் பன்னிரண்டோடு நின்றவன்.

கெட்ட எண்ணத்தோடு பதிந்தேன் என்கிறார்கள்.
கெட்ட எண்ணம்தான் ஐயா.
ஆனால் அது அவர்கள்மேல் இல்லை.

பெட்போர்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே
ஒலிண்டா பேக்கரி.
விடிகாலை நாலரைக்கு வர்க்கி வாசனை
ரோட்டைத் தாண்டி என் ஷட்டருக்கு அடியில் நுழையும்.
ஊட்டிக்குப் போகிற கார்கள்
நின்று வாங்கிப் போகும்.
தனிஸ்லாஸ் அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் ஆகாது.
என்றைக்காவது அவர் மகன் ஆன்லைனில் விற்க நினைப்பான்,
பெயரைத் தேடுவான்,
பூட்டியிருக்கும்,
சாவி என்னிடம்.
பத்தாயிரம் கேட்டு ஐந்துக்கு இறங்கலாம் என்பது
என் கணக்கு.

மகன் கனடா போய்விட்டான்.
நான் மட்டும் வருடம் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

வக்கீல் ரெஹானா சொன்னார்:
"கம்பெனிக்கு முன்னாடியே இந்தப் பேரு
இங்க புழங்கினதுக்கு ஆதாரம் வேணும்.
பழைய பில்லு எதுனா?"

ரோடு பதினாறு அடி அகலம்.
கடக்க எனக்கு நாலு நாள் ஆனது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாயிரத்தையும் சொன்னேன்.
அவர் மாவுக் கையைத் துடைக்கவில்லை.
உள்ளே போய்
ரஸ்க் டின்னில் இருந்து ஒரு கட்டை எடுத்துவந்தார்.
மேலே இருந்தது எழுபத்திரண்டு, ஆகஸ்ட்.
வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்
"ஒலிண்டா உங்க அம்மா பேரா?" என்றேன்.
"குதிரை."
"என்னது?"
"ஊட்டி ரேஸ்ல அப்பா பணம் கட்டின குதிரை.
அது முந்தி வந்த காசுலதான் முதல் அடுப்பு.
நாங்களும் அதுகிட்ட கேக்கலியே."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

இணைப்பு ஒன்று முதல் பதினான்குவரை அந்தப் பில்கள்.
என் மெஷினிலேயே நகல் எடுத்தேன்.
டால்டா பட்ட இடமெல்லாம் கறுப்பாக விழுந்திருக்கிறது,
அதை எழுத்து என்று படிக்க வேண்டாம்.
தனக்கு ஒரு செட் கேட்டார்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் மேனிக்கு
இருபத்தெட்டு ரூபாயை எண்ணிக் கல்லாமேல் வைத்தார்.
எடுத்துக்கொண்டேன்.
அன்றிலிருந்து எனக்கு
வர்க்கியில் கொசுறு நின்றுபோனது.

முகவரி எனக்கு வேண்டாம்.
கொடுப்பதென்றால் எதிர்ப்பக்கம் கொடுங்கள்.
நானே மாற்றித்தரப் பார்த்தேன்,
வழக்கு முடியும்வரை பூட்டாம்,
இந்தத் தடவை சாவி என்னிடம் இல்லை.
ஆனால் கெடு வந்துவிட்டது என்று மெயில் வந்தது.
இன்று காலை புதுப்பித்தேன்.
விலை ஏற்றிவிட்டார்கள்,
எண்ணூற்று நாற்பத்தொன்பது.
ரசீது இணைப்பு பதினைந்து.

இப்படிக்கு,
எச். போஜன்,
எதிர்மனுதாரர்,
எதிர்க்கடை.