தட்டு

பால் கவரை அறுத்து விரித்து
கோழி நெஞ்சை அதற்குள் வைத்து மூடினேன்.
கறி தட்டும் சுத்தியல் லாட்ஜில்தான் இருக்கிறது.
பட்டம் கட்டிக்கொண்டு அலைமேல் ஓடுகிறவர்கள் தங்கும் லாட்ஜ்;
பாத்திரம் கழுவப் போனேன்,
இரண்டாம் வருஷம் அடுப்பு என் கைக்கு வந்தது.
வீட்டில் அம்மிக்குழவி.

ஷ்னிட்ஸல் என்று பேர்.
சொன்னால் பல்லில் மாட்டிக்கொள்ளும்.
அந்த ஊரில் கன்றுக்குட்டிக் கறியாம்.
தங்கச்சிமடத்தில், தடைக்காலத்து மூன்றாம் வாரம்,
பிராய்லர் கிடைத்ததே பெரிது.
மீன் இல்லாத நாள் பார்த்து
கிலோவுக்கு நாற்பது ஏற்றிவிட்டார் கறிக்கடை சவேரி.

நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்ட வேண்டும்.
ஓங்கி அடித்தால் கிழியும்.
குழவியை அதன் எடைக்கே விழவிட்டு
விழுந்ததும் வெளிப்பக்கம் இழுக்க வேண்டும்.
தொம்.
தொம்.
அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
இரண்டாவது துண்டில் இருக்கும்போது
கதவு.

மிஸ்டிகா அக்கா.
கையில் மாவு சொட்டும் தோசைக் கரண்டி.
பின்னால் கப்ரியேல் அண்ணன்
லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி.

“வந்துட்டானா?”

எனக்கு உடனே விளங்கவில்லை.
குழவியைப் பிடித்தபடியே நின்றேன்.
“சத்தம் கேட்டுச்சு” என்றாள்.

கேட்டிருக்கும்.
ஒற்றைக்கல் சுவர்.
அவர்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் என்று
நான் எண்ணியிருக்கிறேன்.
போட்டுகள் கரையில் கட்டிக்கிடக்கும் அறுபது நாள்
ஆண்கள் வீட்டில் இருப்பார்கள்.
அப்படி ஆறு தடைக்காலம்.
அவன் மங்களூர் போய் நாலு வருஷம்.
சுவரை யாரும் இடித்துக் கட்டவில்லை.

“கோழி, அக்கா.”
“கோழியா?”
“கோழி.”

கப்ரியேல் அண்ணன் லுங்கியை அவிழ்த்துவிட்டு
தெருவில் போகாத யாரையோ பார்த்தார்.

அக்கா உள்ளே வந்துவிட்டாள்.
கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்தாள்.
ஜன்னல் வழியே கச்சான் காற்று
மைதாவைக் கிளப்பி அவள் புருவத்தில் பூசியது.
மைதா, முட்டை, ரஸ்க் தூள்.
தூளை அவள் உள்ளங்கையால் அழுத்தினாள்,
ஓட்டையை அடைக்கிற மாதிரி.
“அமுக்காதீங்க அக்கா.
உடுப்பு உடம்பில் ஒட்டக் கூடாது.
நடுவில் காற்றுப் போக வேண்டும்.”

முதல் துண்டு கருகிப்போனது.
பேக்கரிக்காரன் கொடுத்தது சர்க்கரை ரஸ்க்.
திட்டிக்கொண்டே
காய்ந்துபோன உப்பு பன் நாலை நொறுக்கினேன்.
அடுத்ததை எண்ணெயில் விட்டு
சட்டியை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.
மேல்தோல் மெல்ல எழும்பியது,
வெயிலில் காயும் சட்டைக்குள்
காற்று புகுந்தது போல.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று
“அப்பெல்லாம் நாங்க…” என்று ஆரம்பித்தாள்.
சட்டியை இன்னும் வேகமாக ஆட்டினேன்.
எண்ணெய் சடசடத்தது.
காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.
அது ஒன்றும் கஷ்டமில்லை.

எலுமிச்சம்பழம் வாங்க மறந்திருந்தேன்.
மாங்காய்க் கீற்றில் உப்பு தொட்டு வைத்தேன்.
டியூஷன் விட்டு வந்த என் மகள்
ஒரு கடி கடித்துவிட்டு
“பஜ்ஜி மாதிரி இருக்கு, ஆனா பஜ்ஜி இல்ல” என்றாள்.
அக்கா இரண்டு சாப்பிட்டாள்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
“மாங்கா புளிப்பு” என்றாள்.

கப்ரியேல் அண்ணன் கடைசிவரை உள்ளே வரவில்லை.
பெரிய துண்டாகப் பார்த்து, எவர்சில்வர் தட்டில் மூடி,
அக்கா கையில் கொடுத்தனுப்பினேன்.
கரண்டியை மறந்துபோனாள்.
ராத்திரி சுவருக்கு அந்தப்பக்கம்
மொறுமொறுவென்று ஒரு சத்தம்.
கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

தட்டு இன்னும் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.