ஒட்டகத்துக்கு இரண்டு வயது

அட்டை எழுதுவது என் வேலை.
பெயர், காலம், மண், கிடைத்த இடம்.
அதன்பின் இரண்டே வரி.
மூன்றாவது வரியை எவரும் படிப்பதில்லை
என்பது இயக்குநர் துவானின் கணக்கு.

லான்ஜோவில் நவம்பர்.
மஞ்சள் ஆறு மஞ்சளைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறது.
பல்கலைக்கழகக் கட்டடத்தின் நான்காம் மாடியில் அருங்காட்சியகம்,
நிலவறையில் காலக்கணிப்பு மையம்,
நடுவில் பாதிநாள் ஓடாத மின்தூக்கி.
கீழே தெரிந்தது மேலே தெரியவர
நேரம் பிடிக்கும்.

எங்கள் செல்லம் அந்தச் சுடுமண் ஒட்டகம்.
நுழைவுச்சீட்டில் அது,
கடையில் விற்கும் கோப்பையில் அது.
தலையைப் பின்னுக்கு எறிந்து
பல் அத்தனையும் தெரிய
பாலைவனம் முழுவதையும் திட்டுகிற வாய்.
பள்ளிப் பிள்ளைகள் எதிரே நின்று
திருப்பிக் கத்துவார்கள்.
காவலர் கெங் அதட்டிப் பார்ப்பார்.
ஒருநாள், யாருமில்லை என்று நினைத்து,
அவரும் கத்தினார்.
அட்டையில் எழுதியிருந்தேன்:
தாங் காலம், எட்டாம் நூற்றாண்டு.
முகபாவத்தைக் கவனியுங்கள்.

நியே ருவோஷுவாங்
மங்கிய சிவப்பு விளக்கில் வேலை செய்பவள்.
வெள்ளை வெளிச்சம் பட்டால்
மண் தன் கணக்கை மறந்துவிடுமாம்.
பாதத்தின் அடியில் ஒரு துளை,
கழுத்தின் உட்புறம் ஒன்று.
எள்ளளவு தூள்.
சூடேற்றினால் ஒளிரும்;
கடைசியாகச் சூளையை விட்டு வந்த நாள் முதல்
சேர்த்ததையெல்லாம்
ஒரே மூச்சில் கொட்டிவிடும்.
ஒருமுறைதான். மறுபடி கேட்க முடியாது.

காலிடம் ஆயிரத்து இருநூறு ஆண்டு வெளிச்சம் இருந்தது.
தலையிடம்
(அவள் கருவியைத் தட்டிப் பார்த்தாள்)
ஏறக்குறைய ஒன்றுமில்லை.
நூறுக்கும் குறைவு.

மூச்சிரைக்கப் படியேறி வந்து சொன்னாள்.
தலைகால் புரியவில்லை என்றேன்.
"கால் புரிந்துவிட்டது, தலைதான்" என்றாள்.
சிரித்தோம்.
அப்புறம் கதவைச் சாத்தினோம்.

கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது.
மட்பாண்ட வரலாற்று மையத்தார்
தலையைக் கழற்றி இழுப்பறையில் வைக்கச் சொன்னார்கள்.
கொடையாளரின் மகன் மக்காவிலிருந்து தொலைபேசியில்
"செப்பனிடப்பட்டது என்று போடுங்கள், பொடி எழுத்தில்" என்றார்.
துவான் தேநீர்க் குவளையின் மூடியை
எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

நியே ஊடுகதிர்ப் படத்தைத் திரையில் போட்டாள்.
பழைய கழுத்தின் முறிந்த அடி
முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது.
முதலில் இருந்த தலை, எதுவானாலும்,
தரையைத்தான் பார்த்திருக்கும்.
ஒருவேளை தூங்கியும் இருக்கும்.
புதுத் தலைக்குள்ளே, எவர் கண்ணும் படாத இடத்தில்,
ஒரு கட்டைவிரலின் அழுத்தம்.

அன்றிரவு அந்த விரலோடு விழித்திருந்தேன்.
தலையற்ற விலங்குக்கு விலையில்லை என்று
எவனோ ஒரு தரகன் சொல்லியிருப்பான்.
வாரக்கூலிக்கு இவன் உட்கார்ந்திருப்பான்.
ஆற்றங்கரைக்குக் கம்பளி மூட்டை சுமந்து வந்த
உயிருள்ள ஒட்டகங்கள் ஜன்னலுக்கு வெளியே
சுமை ஏறும்போதெல்லாம் கத்தியிருக்கும்.
ஏமாற்றத்தான் செய்தான்.
ஆனால் காதால் கேட்டுச் செய்தான்.

காலையில் எழுதினேன்:
ஒட்டகம். உடல், தாங் காலம், செய்தவர் தெரியவில்லை.
தலை, இருபதாம் நூற்றாண்டு, செய்தவர் தெரியவில்லை.
கத்துவது பின்னவர்.

துவான் நெடுநேரம் பார்த்தார்.
"மூன்று வரி இருக்கிறதே" என்றார்.
மூன்றாவதை யாரும் படிப்பதில்லையே என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் வந்தார்கள்.
ஒரு பெண் அட்டையை விரலால் தொட்டுத் தொட்டு
கடைசி எழுத்து வரை படித்தாள்.
பிறகு மற்றவர்களைவிட
கொஞ்சம் தாமதமாகக் கத்தினாள்.

கோப்பைகளின் விலை இனிக் குறையுமா என்று
கெங் கேட்டார். தெரியவில்லை.

நியே இரண்டு துளைகளையும் சாந்தால் அடைத்து
நிறம் சேர்த்து
பதிவேட்டில் தேதி குறித்தாள்.
சாந்தின் வயது: இந்த நவம்பர்.
அட்டையில் அது இல்லை.
நான்காவது வரிக்கு இடமில்லை.